மூக்கன் சொன்னால் சுத்தம்

மார்ச் 3, திங்கள்

பன் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. முழங்கால் வலி மட்டும் தீரவில்லை.

ரஸ்க் இன்றைக்கும் ஒரு தட்டு கருகல். தம்பியைக் கேட்டால் "சூடு ஏறிடுச்சுக்கா" என்கிறான். அடுப்பு என்றால் சூடு ஏறாமல் என்ன செய்யும்? போன வாரம் கேக்கில் எசென்ஸ் தூக்கல். எப்போதும் வாங்குகிற டீச்சரம்மா, சென்ட் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். சிரித்து மழுப்பினேன். இவன் புத்தி எங்கே மேய்கிறது என்று தெரியவில்லை. மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்தே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறான்.

மார்ச் 6, வியாழன்

படுக்கப் பிடிக்காமல் நோட்டை எடுத்துவிட்டேன். எழுதினாலாவது மனசு அடங்குகிறதா பார்ப்போம்.

சுகாதார ஆய்வாளர் வந்தார். புதிதாக வந்திருக்கிற அம்மா. சின்ன வயசு, பேச்சில் குழைவே கிடையாது. கவுன்டர், அடுப்படி எல்லாம் பார்த்துவிட்டு ஸ்டோர் ரூமுக்கு வந்தார். எலி நடமாட்டம் இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா ஆரம்பித்துவைத்த வழக்கத்தை அப்படியே ஒப்பித்தேன். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் தம்பி ஸ்டோர் ரூம் கதவைத் திறப்பான். விளக்குப் போட மாட்டான். வாசலில் நின்று மூச்சை நன்றாக உள்ளே இழுப்பான். எலி வந்துபோன இடத்தில் ஒரு காரமான வாடை நிற்கும், மாவு வாசனைக்கு நடுவில் அது தனியாகத் தெரியும். இல்லையென்றால் "சுத்தம்" என்று சொல்வான். அந்த ஒரு சொல் வந்த பிறகுதான் எங்கள் பேக்கரியில் தீப்பெட்டியைத் தொடுவோம்.

"மூக்காலயா பாக்கறீங்க?" என்றார்.

இவன் மூக்கு அப்படிப்பட்ட மூக்கு என்றேன். சின்னப் பையனாக இருக்கும்போதே மூட்டையைப் பிரிக்காமல் மாவு பழசு என்று சொன்னவன், அதனால்தான் அப்பா மூக்கன் என்று கூப்பிட ஆரம்பித்தார், இன்றைக்குத் தெருவே மூக்கு மாஸ்டர் என்கிறது என்றெல்லாம் அளந்தேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடக்கம் என்று நினைத்தேன்.

அந்த அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பாதாம் பெட்டிகளை நகர்த்தச் சொன்னார். பின்னால் சுவரோரமாக எலிப்புழுக்கை. ஒன்றிரண்டா, கருஞ்சீரகத்தை அள்ளிக் கொட்டிய மாதிரி. பெட்டியின் மூலை கொறிபட்டு அட்டை பஞ்சாகக் கிடந்தது. சுவரில் எலி உரசி உரசி ஓடின எண்ணெய்க் கோடு வேறு.

காலையில்தானே சுத்தம் என்றான்?

அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆற்றிக்கொண்டிருப்பேன். "மறுபடி வருவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். அப்பவும் எலி இருந்து, அது உங்களுக்கே தெரியாம இருந்தா, கதவுக்கு சீல்தான்" என்றார். அவ்வளவுதான்.

பாதாம், திராட்சை, பிரித்த மூட்டைகள் எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டினோம். தம்பி குனிந்த தலை நிமிராமல் தூக்கிக்கொண்டே இருந்தான். சீல் வைத்தால் நான் எங்கே போவேன்? எனக்கு வேறு என்ன தெரியும்?

மார்ச் 7, வெள்ளி

பூச்சிமருந்துக்காரர் வந்தார். இந்த மனிதர் எலியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் பெண் கொடுத்த வீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவு மரியாதை. "நம்மாளு சுவரை விட்டு விலகி நடக்க மாட்டாரு. மூட்டைய சுவத்தோட ஒட்டி அடுக்கினா அவருக்கு நாமளே ரோடு போட்டுக் குடுத்த மாதிரி" என்றார். சுண்டுவிரல் நுழைகிற சந்து போதுமாம். தலை நுழைந்தால் உடம்பு தானாக வந்துவிடுமாம்.

அவர் சொன்னது: மூட்டைகளைப் பலகை மேல் ஏற்ற வேண்டும். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் ஆள் துடைப்பத்தோடு போய்வர இடம் வேண்டும். பிரித்த மாவு, சர்க்கரை, கொட்டை எல்லாம் மூடி இறுகுகிற டிரம்மில். கதவுக்குக் கீழே தகரம். குழாய் போகிற ஓட்டையெல்லாம் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைத் திணித்து, மேலே சிமென்ட். பொறி வைக்கலாம், விஷம் மட்டும் வைக்கவே கூடாது. தின்றுவிட்டு எந்த இடுக்கிலாவது போய்ச் செத்தால் தேடியெடுப்பதற்குள் நாம் செத்துவிடுவோம் என்றார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மார்ச் 10, திங்கள்

பலகை வந்துவிட்டது, டிரம் வந்துவிட்டது. வந்தது வந்தபடி வராந்தாவில் கிடக்கிறது. தம்பி செய்கிறேன் செய்கிறேன் என்கிறான், செய்கிற வழியைக் காணோம். மூட்டை இன்னும் சுவரோடு ஒட்டித்தான் நிற்கிறது.

இன்று காலையிலும் வாசலில் நின்று மூச்சு இழுத்து "சுத்தம்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அவன் மச்சானிடமிருந்து போன். தம்பி மனைவியின் அண்ணன், வேறு ஊரில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர். கூடவந்து கடையைப் பார்த்துக்கொள் என்று தம்பியை ரொம்ப நாளாகவே கூப்பிடுகிறார். முன்பெல்லாம் இவன் சிரித்து வைத்துவிடுவான். இன்றைக்கு வாசலுக்குப் போய் நின்று மெதுவாகப் பேசினான்.

அப்படியா சேதி.

மார்ச் 11, செவ்வாய்

பொறுமை இல்லை எனக்கு. பின்சந்தில் சாக்கடை ஓரமாக எலி விஷம் கொஞ்சம் வைத்துவிட்டேன். உள்ளே வைத்தால்தானே தப்பு? வெளியேதானே வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

வாயை அடக்கத் தெரியாத ஜென்மம் நான்.

இன்று பெரிய ரொட்டி இரண்டு தட்டும் அடி கருகி வந்தது. வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள், நான் அடுப்படிக்குப் போய் எல்லார் முன்னாலும் ஆரம்பித்துவிட்டேன். புழுக்கையைக் காலடியில் வைத்துக்கொண்டு சுத்தம் என்கிறாய், ரொட்டி கருகினால் சூடு என்கிறாய், உன் மனசு எப்போதோ இரும்புக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டது என்று. அவன், இல்லக்கா, அப்படி இல்லக்கா என்றான். அதோடு விட்டேனா?

"மனசு இல்லன்னா போய்த் தொலைடா. எதுக்கு இங்க நின்னு என் உசுர வாங்குற?"

சொல்லிவிட்டேன். அவன் கையிலிருந்த துணியை மடித்து மேசைமேல் வைத்தான். சரிக்கா என்றான். அந்தச் சரி இன்னும் காதிலேயே நிற்கிறது. திருப்பித் திட்டியிருக்கக் கூடாதா இவன்.

மார்ச் 14, வெள்ளி

பேசவில்லை. அவனும் பேசவில்லை. என் வீட்டுக்காரர், அக்கா தம்பி சண்டையில் என்னைப் பந்தாக உதைக்காதீர்கள் என்கிறார். மகள் வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்று கிளம்புகிறேன். திங்கள் திரும்பினால் போதும்.

மார்ச் 17, திங்கள்

எங்கே ஆரம்பிப்பது.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்குப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் காலையில் சுத்தம் என்று சொல்லியிருக்கிறான். ஸ்டோர் ரூம் கதவு சாத்தியிருந்தது. திறந்தேன்.

செத்த எலி நாற்றம். அதுவும் நேற்று செத்தது இல்லை, நன்றாக ஊறின நாற்றம். முந்தானையை எடுத்து மூக்கில் அழுத்திக்கொண்டு பார்த்தால், அந்த நாற்றத்துக்கு நட்டநடுவில் என் தம்பி முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். மடியில் தட்டு, தட்டில் புதிதாக வந்த திராட்சை. காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் டீ கிளாஸ். ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"எப்பக்கா வந்த? ஏன் மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கிற?"

கிண்டல் செய்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகத்தான் கேட்கிறான். நான் ஏன் பொத்திக்கொண்டு நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அப்புறம் தெரிந்துவிட்டது. நான் பார்க்கிற பார்வையிலிருந்து தெரிந்துகொண்டான். கிளாஸைக் கீழே வைத்தான். "ஏதாவது நாறுதாக்கா?" என்றான், சின்னக் குரலில்.

நாறுகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்றுமில்லை, பஸ்ஸில் வந்த தலைசுற்றல் என்று ஏதோ உளறினேன். அவன் நம்பவில்லை. எழுந்து என்னைத் தாண்டி வெளியே போய்விட்டான்.

கரிந்த ரஸ்க். தூக்கலான எசென்ஸ். புழுக்கை. எல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றது. தட்டு ஏற்றி இறக்குகிற அடுப்பு அண்ணனிடம் கேட்டேன், உங்களுக்குமா நாறவில்லை என்று. சனிக்கிழமையிலிருந்தே நாறுகிறதாம். "மாஸ்டர் சுத்தம்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?" என்றார். ரொட்டி கருகுவதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாஸ்டர் எடு என்று சொல்லாமல் எப்படி எடுப்பது என்று நின்றிருக்கிறார். நல்லா இருக்கிறது எங்கள் லட்சணம். மூன்று பேர், இரண்டு நல்ல மூக்கு, மூன்றாவது மூக்கைத்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

மாவு மூட்டைக்குப் பின்னால், சுவர்ப்பலகை இடுக்கில் கிடந்தது. நான் வைத்த விஷத்தைத் தின்றுவிட்டு உள்ளே வந்து செத்திருக்கிறது. நானே எடுத்துப் போட்டேன். நானே கழுவினேன். அடுப்பை அணைக்கச் சொன்னேன். வெந்த ரொட்டி ஒன்றையும் விற்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கடை திறக்கவில்லை. தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது. அவளுக்கு முன்பே தெரியும். திரிந்த பாலை ஒரு நாள் மடமடவென்று குடித்தானாம், அப்போது கண்டுபிடித்திருக்கிறாள். என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டானாம். "இரும்புக்கடைக்கு நான்தான் அக்கா போலாம்னு சொன்னேன். இரும்புல வாசன இல்லல்ல" என்றாள். இவளையா நான் மனசுக்குள் அத்தனை திட்டினேன்.

அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவனாகவே பேசினான். காய்ச்சல் விட்டதும் திரும்பிவிடும் என்று நினைத்தானாம். தினமும் காலையில் எழுந்ததும் காப்பித்தூளை முகர்ந்து பார்ப்பானாம். ஒன்றுமே இல்லை, தண்ணீரை முகர்கிற மாதிரி இருக்கிறதாம்.

"ரொட்டி வேகுறது தெரியலக்கா. நெறத்தப் பாத்துத்தான் எடு எடுன்னுட்டிருந்தேன்."

என்னிடம் சொல்வதற்கு என்னடா என்று கேட்டேன்.

"எல்லாரும் மூக்கு மாஸ்டர்ங்கறாங்க. நீ அந்த ஆய்வாளர் அம்மாகிட்ட எப்படிச் சொன்ன. அதுக்கு நடுவுல வந்து நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவன் அழுதான். நானும் அழுதேன். போய்த் தொலை என்றவள் நான்தானே. அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு, நீ போகக் கூடாது என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் மறுபடி கட்டளை போட்ட மாதிரி ஆகிவிடும். சொல்லவில்லை. விஷம் வைத்தது நான் என்று மட்டும் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, பூச்சிமருந்துக்காரர் கேட்டால் உன்னைத்தான் முதலில் பொறியில் போடுவார் என்றான்.

மார்ச் 20, வியாழன்

டாக்டர்: வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம். இதைச் சொல்ல ஒரு டாக்டர்.

மார்ச் 22, சனி

மூட்டைகளைப் பலகையில் ஏற்றியாயிற்று. சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் நானே போய்வருகிற அளவு இடம். என் உடம்புக்கு இடம் இருந்தால் யார் வேண்டுமானாலும் போகலாம்.

தம்பி இன்றைக்கு ஒரு வேலை செய்தான். ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் நின்றான். என்னை வெளியே டார்ச்சோடு சுவரைச் சுற்றிவரச் சொன்னான். எங்கெல்லாம் வெளிச்சம் உள்ளே விழுகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸில் வட்டம் போட்டான். கதவைத் திறந்து பார்த்தால் சுவர் பூராவும் வட்டம். இத்தனை ஓட்டையோடா இவ்வளவு காலம் இருந்தோம்? அவன் இரும்பு நாரைத் திணிக்கத் திணிக்க நான் சிமென்ட் குழைத்துக் கொடுத்தேன். மதியம் சாப்பாட்டையே மறந்துவிட்டான். பழைய தம்பியின் நிழல் கொஞ்சம் தெரிந்தது.

இரும்புக்கடையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் பதில் சொல்கிறேன் என்று மச்சானிடம் சொல்லியிருப்பதாக அவன் மனைவி சொன்னாள்.

மார்ச் 26, புதன்

கடை திறந்து மூன்று நாள் ஆயிற்று. புது ஏற்பாடு. எசென்ஸை மூடியால் அளந்துதான் ஊற்றுகிறான். ரொட்டி வாசனை கவுன்டருக்கு வந்ததும் நான் மேசை மணியை ஒரு தட்டுத் தட்டுவேன், அவன் நிறத்தைப் பார்த்து எடு என்பான். முதல் நாள் ஒரு வாடிக்கையாளர், மணி தனக்குத்தான் அடிக்கிறது என்று நினைத்து வரிசையில் முன்னால் வந்துவிட்டார்.

சாயங்காலம் கடை சாத்தும்போது ஸ்டோர் ரூம் தரையில், சுவரோரமாகத் தம்பி மாவைச் சன்னமாகச் சலித்துத் தூவுகிறான். காலையில் முதலில் நான் வாசலில் நின்று முகர்ந்து பார்க்கிறேன். அப்புறம் அவன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டிப் பார்க்கிறான். மாவில் ஏதாவது நடந்திருந்தால் நிழல் விழும். பார்த்துவிட்டு மாவைப் பெருக்கி எடுத்துவிடுவான்.

சுத்தம் என்று யாரும் சொல்வதில்லை. நான் "சரி" என்கிறேன், அவனும் "சரி" என்கிறான். அந்தச் சொல்லை அவன் வாயில் எடுப்பதே இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

மாதம் முடிந்துவிட்டது. மச்சானுக்கு என்ன சொன்னான் என்று தெரியவில்லை. கேட்டுத் தொலைக்கவும் முடியவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

டிரம்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். இந்த மூடியைப் பிடி தம்பி என்றேன். கையை நிறுத்திவிட்டு, "என்னக்கா கொஞ்ச நாளா தம்பி தம்பிங்கற? பஸ்ல இடம் கேக்குற மாதிரி இருக்கு" என்றான்.

நிஜம்தான். அன்றைக்கு அந்த நாற்றத்தில் அவனைப் பார்த்ததிலிருந்து மூக்கா என்று கூப்பிட நாக்கு எழவில்லை. என்னவென்று கூப்பிடுவது? சும்மா சிரித்தேன்.

ஏப்ரல் 5, சனி

ஸ்டோர் ரூம் பக்கம் புதுக் குழாய் போட்டாயிற்று. பிளம்பர் அவசர அவசரமாக முடித்துவிட்டுப் போனார். இனி வாளி தூக்க வேண்டாம், என் முழங்கால் பிழைத்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. பன் நிறையக் கேட்டிருந்தார்கள். மாவு பிசைந்து, பொங்கி, உருட்டி, தட்டில் தயாராக இருந்தது. அடுப்பு அண்ணன் தீப்பெட்டியோடு நிற்கிறார்.

நான் வாசலில் நின்று நன்றாக இழுத்துப் பார்த்தேன். மாவு, சர்க்கரை, புது சிமென்ட். வேறு ஒன்றுமில்லை. சரி என்றேன். தம்பி டார்ச்சைப் படுக்கவைத்து, கன்னத்தை ஒட்டினான். அப்படியே கிடந்தான். என்னடா என்றேன். முட்டிபோட்டு நகர்ந்து டிரம்முக்குப் பின்னால் போனான். அப்புறம் எழுந்து கன்னத்து மாவைத் துடைக்காமலே சொன்னான்.

"சுத்தமில்ல."

இந்தக் கடையில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. அப்பா காலத்திலும் கேட்டதில்லை. குனிந்து பார்த்தேன். மாவில் பொட்டு வைத்த மாதிரி குட்டிக் குட்டிக் கால்தடம், நடுவில் வால் இழுத்த ஒரு கோடு. புதுக் குழாய் சுவரில் நுழைகிற இடத்திலிருந்து வந்து அங்கேயே திரும்பியிருந்தது. பிளம்பர் ஓட்டையை அடைக்காமல் போயிருக்கிறார்.

எனக்குப் பள்ளிக்கூடத்துப் பன்தான் கண்ணில் நின்றது. ஒரே ஒரு குட்டிதானே, வந்து திரும்பியும் போய்விட்டது, டிரம் எல்லாம் இறுகித்தான் இருக்கிறது, முதலில் அடுப்பைப் பற்றவைப்போம், அப்புறம் பார்ப்போம் என்றேன். ஆமாம், நானேதான் சொன்னேன்.

"சுத்தமில்லன்னா இல்லதான்க்கா," என்றான். "பள்ளிக்கூடத்துக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன். நீ திட்டுறதுன்னா அப்புறம் திட்டு."

அடுப்பு அண்ணன் தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிசைந்த மாவு முழுக்க வீண். "இன்று ரொட்டி இல்லை" என்று அட்டையில் எழுதி மாட்டினேன்.

மூட்டை, டிரம், பெட்டி எல்லாவற்றையும் முற்றத்துக்கு இழுத்துப் போட்டோம். அப்போது பார்த்து ஆய்வாளர் அம்மா வாசலில். சொன்னபடியே சொல்லாமல் வந்து நிற்கிறார். கடை சந்தை மாதிரி கிடக்கிறது, தம்பி குப்புறப் படுத்துக் குழாய் ஓட்டையில் இரும்பு நாரைக் குத்திக்கொண்டிருக்கிறான், தரையில் கால்தடம் அப்படியே இருக்கிறது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அந்த அம்மா கால்தடத்தைக் குனிந்து பார்த்தார். டிரம் மூடிகளைத் தட்டிப் பார்த்தார். சுவர் முழுக்க இருந்த சிமென்ட் திட்டுகளைப் பார்த்தார். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தம்பியிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்து உட்கார்ந்து பதில் சொன்னான்.

"எனக்கு வாசன தெரியாதுங்க. ஒரு காய்ச்சல்ல போயிடுச்சு. அதனால மாவு தூவி வச்சு கண்ணால பாக்கறேன். மோந்து பாக்குறது அக்கா. இன்னைக்கு அக்காவுக்குத் தெரியல, எனக்குத் தெரிஞ்சுது."

என்னிடம் சொல்ல அத்தனை மாதம் ஆனது. இந்த அம்மாவிடம் விலாசம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டான்.

அந்த அம்மா மறுபடியும் மாவுத்தடத்தைப் பார்த்தார். "போன தடவ நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிஞ்சுது. இன்னைக்கு நான் வர்றதுக்கு முன்னாடியே அடுப்ப நிறுத்திட்டீங்க," என்றார். ஓட்டையை அடைத்துக் கழுவிவிட்டு நாளைக்குத் திறக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பொறி வைக்கச் சொன்னார். அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்த மாதிரி எனக்குத் தோன்றியது, சத்தியம் செய்ய மாட்டேன்.

எதிர்க்கடைத் தையல்காரர் அட்டையைப் படித்துவிட்டு, என்ன மூக்கு மாஸ்டர், கடை லீவா என்று கத்தினார். எனக்குத் திக்கென்றது. தம்பி உள்ளிருந்தபடியே, "எலி வந்துருச்சுண்ணே, மூக்கு வேலை செய்யல, கண்ணுதான் புடிச்சுது," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னான். தையல்காரருக்கு என்ன புரிந்ததோ.

மதியம் அவன் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். கூடவே போனையும் நீட்டினாள், அவள் அண்ணன் லைனில் இருந்தார். இவன் கையெல்லாம் சிமென்ட். அவள் காதில் பிடித்துக்கொண்டாள். "இங்க வேலை தலைக்கு மேல கெடக்கு மச்சான். நான் எங்க வர்றது? ரெண்டு கிலோ ஆணி மட்டும் அனுப்பி வைங்க," என்றான். அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் தட்டைக் கழுவி எடுத்துவைத்தேன். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. கூப்பிட வாயெடுத்தேன். தம்பி என்று வரவில்லை, பழக்கதோஷம்.

"மூக்கா, வந்து சாப்பிடு."

வரேன்க்கா என்று ஸ்டோர் ரூமிலிருந்து குரல் வந்தது. உடனே வரவில்லை. சிமென்ட் காய்கிறவரை அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வந்தான்.